லால்பாக்: மலரால் ஆன கட்டடமும் மரங்களால் ஆன தோட்டமும்

சேலம், நாமக்கல் பகுதியிலிருந்து பெங்களூர் செல்வோருள் பலர் லால்பாக்கை மலர்க்காட்சி கொண்டே அறிவர். ஜனவரியிலும் ஆகஸ்டிலும் அங்குள்ள கண்ணாடி மாளிகையினுள் ஏதேனும் ஒரு கட்டடத்தின் உருவை மலர்களால் எழுப்புவர். நாமும் நெரிசலில் நின்று பார்த்தோம். உழைப்பு வியக்கத்தக்கது, ஆனால் அதனைக் கலையென ஏற்கத் தயங்கினோம். கல்லாகத் தோன்றுவதற்கென்றே கொய்யப்பட்ட பூவுக்குத் தனக்கென ஓர் அழகு அங்கில்லை.

1760இல் ஹைதர் அலி இத்தோட்டத்தைத் தொடங்கியபோது சிராவில் இருந்த முகலாயத் தோட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டார் என்பர். அம்மரபில் பூ ஒப்பனைப் பொருளன்று. நேரிய பாதை, நீர், நிழல், கனி ஆகியவற்றின் ஒழுங்கமைதியே கலை. அதனூடே நடப்பவனே சுவைஞன். திப்பு சுல்தான் பிற நாடுகளிலிருந்து செடிகளைத் தருவித்து அதனை வளர்த்தார். 1792இல் ஆங்கிலேயரிடம் செல்லும்வரை நம் சேலமும் மைசூர் ஆட்சியில்தான் இருந்தது. எனவே அதனை அயலார் பூங்கா எனக் கருத நம் மனம் ஒப்பவில்லை.

1889இல் அடிக்கல் நாட்டப்பெற்ற கண்ணாடி மாளிகை அழகியதே; அதன்மீது நமக்குக் குறையில்லை. ஏறத்தாழ 240 ஏக்கர் பரப்பின் பார்வை முழுவதையும் அதன்பால் திருப்பிவிட்டதே குறை. சுவர்போல் வேர் விரித்து நிற்கும் முதிய இலவமரத்தடிக்கு நாம் சென்றபோது நெரிசலே இல்லை. நுழைவுச் சீட்டு என்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான்.