சால்ட் லேக்கின் சிரட்டைக் கங்கு

2022 டிசம்பர் 2 அன்று கொல்கத்தா மேயர் ஃபிர்ஹாத் ஹக்கீம் நகரத்து ஹூக்கா கடைகளை மூட வேண்டும் என்று அறிவித்தார். சில நாள்களில், நகரத்தை ஒட்டிய சால்ட் லேக்கை நிர்வகிக்கும் பிதான்நகர் மாநகராட்சியும் அதே வழியில் போனது. போதைப்பொருள் கலக்கிறார்கள், இளைஞர்கள் அடிமையாகிறார்கள், ஹூக்காக் கலவையில் சேரும் ரசாயனம் உடம்பைக் கெடுக்கிறது என்று காரணங்கள் சொல்லப்பட்டன. உணவக உரிமையாளர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2023 ஜனவரி 24 அன்று நீதிபதி ராஜசேகர் மந்தா தீர்ப்புச் சொன்னார்: தடை விதிக்க மாநிலத்தில் சட்டம் இல்லாதபோது மாநகராட்சிகள் தம் இஷ்டத்துக்குக் கடைகளை மூட முடியாது, மூடத்தான் வேண்டுமென்றால் சட்டம் கொண்டுவரட்டும்.

இந்த வழக்கிலும் அதையொட்டி நடந்த பேச்சிலும் எல்லோருடைய கண்ணும் கலவை வைக்கும் கிண்ணத்துக்குள்ளேயே இருந்தது. உள்ளே இருப்பது புகையிலையா, மூலிகையா? நிக்கோட்டின் உண்டா, இல்லையா? கிண்ணத்தின் மேல் உட்கார்ந்து மணிக்கணக்காகக் கனலும் கரியைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. ஹூக்காவின் சுவைக்கும் கேட்டுக்கும் பெரும்பங்கு அந்தக் கரியிடம்தான் இருக்கிறது. ஆகவே அதை அணையாமல் காக்கும் கலையையும் அதற்கு உடம்பு கொடுக்கும் விலையையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இன்றைய கடைகளில் பெரும்பாலும் புழங்குவது தேங்காய்ச் சிரட்டைக் கரி. கொங்குப் பக்கம் தொட்டிக்கரி என்பார்கள். சிரட்டையைக் காற்று அதிகம் படாமல் சுட்டுக் கரியாக்கி, பொடித்து, மரவள்ளி மாவைப் பசையாகச் சேர்த்து, ஓர் அங்குலக் கனசதுரமாக அழுத்திக் காயவைக்கிறார்கள். அடர்த்தியான கரி என்பதால் எளிதில் பற்றாது; பற்றிவிட்டால் எளிதில் அணையாது. மின்கம்பிச் சுருள் அடுப்பில் வைத்தால் ஏழெட்டு நிமிடம், சில வேளை பத்து நிமிடம் ஆகும். நடுவில் இடுக்கியால் புரட்டிப் போட வேண்டும். ஆறு பக்கமும் சிவந்து, மேலே மெல்லிய வெண்சாம்பல் படர்ந்த பிறகுதான் அது கிண்ணத்துக்குப் போகலாம். ஒரு மூலையில் கறுப்புத் திட்டு மிச்சமிருந்தாலும் முதல் இழுப்பிலேயே கரிந்த வாடை தொண்டையைப் பிடிக்கும்.

அதன் பிறகுதான் உண்மையான வேலை. துளையிட்ட அலுமினியத் தாளின் மேல், அல்லது அதற்கென்று செய்த உலோகச் சட்டியில், இரண்டு மூன்று துண்டுகளை ஓரமாக வைக்கிறார்கள். நடுவில் வைத்தால் வெல்லப்பாகும் கிளிசரினும் ஊறிய கலவை கருகிவிடும். தனியாக விட்ட துண்டு வெப்பத்தை நாலா பக்கமும் இழந்து சீக்கிரம் சோர்ந்துபோகும். ஒன்றையொன்று பார்த்தபடி அருகருகே இருக்கும் துண்டுகள் தமக்குள் வெப்பத்தைப் பரிமாறிக்கொண்டு நெடுநேரம் நிற்கும். சாம்பலின் பங்கு இன்னும் நுட்பமானது. மெல்லியதாகப் படிந்திருக்கும்வரை அது போர்வை, தணலின் சூட்டை உள்ளேயே வைத்திருக்கும். தடித்துவிட்டால் காற்றை மறித்து அதே தணலை அணைத்துவிடும். கைப்பழக்கம் உள்ளவர் இடுக்கியால் லேசாகத் தட்டி, பழைய சாம்பலை உதிர்த்து, துண்டின் வேறொரு முகத்தைக் கீழே திருப்பி வைப்பார். நம்மூர்த் தெருவில் இஸ்திரி போடுகிறவர் பெட்டியை முன்னும் பின்னும் வீசி, கொட்டாங்குச்சிக் கரியின் சாம்பலைப் பறக்கவிட்டுக் கனலை எழுப்புவாரே, அந்தக் கைப்பாங்கேதான். மழைக்காலக் கொல்கத்தாவில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்ளும். திறந்து வைத்த பெட்டியில் கரி ஈரத்தை உறிஞ்சிவிடும். அடுப்பில் வைத்தால் படபடவென்று வெடித்துப் பொறி தெறிக்கும். இந்தத் தொழிலில் பழகியவர்கள் ஜூனிலிருந்து செப்டம்பர்வரை கரியைக் காற்றுப் புகாத டப்பாவில் வைப்பதற்கு அதுதான் காரணம்.

இந்தக் கரிக்குச் சாதகமாகச் சொல்ல நிறையவே உண்டு. இதனுடன் போட்டி போடுவது தீக்குச்சியைக் காட்டியதும் பற்றும் வட்டக் கரி. அது அத்தனை விரைவாகப் பற்றுவதற்கு அதில் கலந்த பொட்டாசியம் நைட்ரேட், அதாவது வெடியுப்பு, காரணம். வட்டக் கரி சரசரவென்று பொறி கக்கிப் பற்றும், ரசாயன வாடையைப் புகையில் ஏற்றும், சீக்கிரமே சாம்பலாகிவிடும். சிரட்டைக் கரியில் அந்த வாடை இல்லை, சாம்பல் குறைவு, ஒருமுறை வைத்தால் ஒரு மணி நேரம்போல வெப்பம் ஏறாமல் இறங்காமல் நிற்கும். மரம் வெட்டாமல், தேங்காய் உடைத்த பிறகு மிஞ்சும் ஓட்டிலிருந்தே செய்கிறார்கள். வெப்பம் சீராக இருப்பதால் கலவை கருகுவதும் குறைகிறது; கிளிசரின் கருகினால் வெளிவரும் அக்ரோலின் என்ற எரிச்சலூட்டும் நஞ்சும் அந்த அளவுக்குக் குறைகிறது. இவை உண்மையான நன்மைகள்.

வங்காளத்துக்கு இதெல்லாம் புதிதும் அல்ல. இந்த மண்ணின் ஹூக்கோவில் தேங்காய் ஓடுதான் தண்ணீர்ப் பாத்திரம். ஓட்டில் துளையிட்டு மரக்குழாய் செருகி, அதன் உச்சியில் மண்ணால் செய்த ‘கல்கே’ என்ற கிண்ணத்தை வைப்பார்கள். அதற்கு நெருப்பு ‘டிக்கே’: கரித்தூளைச் சோற்றுக் கஞ்சியில் பிசைந்து தட்டிக் காயவைத்த வில்லை. மரவள்ளி மாவுக்குப் பதில் அரிசிக் கஞ்சி, அவ்வளவுதான். அன்று அடியில் தண்ணீர் சுமந்த தேங்காய் ஓடு இன்று உச்சியில் நெருப்பாக இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கல்கத்தாவில் இந்த நெருப்பைப் பேணுவதற்கென்றே ஹூக்காபர்தார் என்ற பணியாள் இருந்தார். 1779-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் தம்பதி இசை விருந்துக்கு அனுப்பிய அழைப்பொன்றில், விருந்தினர் தம் ஹூக்காபர்தாரைத் தவிர வேறு பணியாளரை அழைத்து வர வேண்டாம் என்று குறிப்பிட்டிருந்தார்கள். அந்த வேலை அவ்வளவு தனித்திறன் வேண்டியது. விருந்து கொடுப்பவரின் ஆட்களை நம்பி விட முடியாதது. அதே வேலையை இன்று சால்ட் லேக் செக்டர் ஐந்தின் கணினி அலுவலகங்களை நம்பி நடக்கும் கடைகளில் இடுக்கியும் தட்டுமாக மேசைக்கு மேசை நடக்கும் இளைஞர் செய்கிறார்.

ஆனால் அன்றைய ஹூக்கா பெரும்பாலும் திறந்த வராந்தாவிலும் உயர்ந்த கூரைக் கூடத்திலும் புகைந்தது. இன்றைய ஹூக்கா கண்ணாடி அடைத்த குளிரூட்டிய அறையில் புகைகிறது. இங்கேதான் சிரட்டைக் கரியின் பெருங்குறை தொடங்குகிறது.

கனலும் கரியின் மேற்பரப்பில் ஆக்சிஜன் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். அது சிவந்த கரியை மறுபடி தொடும்போது கார்பன் மோனாக்சைடாக மாறும். நிறமும் மணமும் இல்லாத இந்த வாயு ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். புகைப்பவர் இழுக்கும் காற்று முதலில் தணலைத் தழுவி, பிறகுதான் கிண்ணத்துக்குள் இறங்குகிறது. அடியில் இருக்கும் தண்ணீர் இந்த வாயுவைப் பிடித்து வைக்காது. தண்ணீர் செய்வதெல்லாம் புகையைக் குளிர்விப்பது. குளிர்ந்த புகை தொண்டையை உறுத்தாததால் இழுப்பு இன்னும் ஆழமாகிறது.

பெய்ரூட்டின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆலன் ஷிஹாதேயும் அவருடன் இருந்தவர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. கரிக்குப் பதில் மின்சூடேற்றியை வைத்து அதே கலவையைச் சூடாக்கி, இரு புகைகளையும் ஒப்பிட்டார்கள். ஹூக்கா புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடில் சுமார் 90 விழுக்காடும், புற்றுநோய் உண்டாக்கும் பல்வளைய ஹைட்ரோகார்பன்களில் கனமானவற்றில் 75 முதல் 92 விழுக்காடும் கரியிலிருந்தே வந்தன. 2012-இல் அதே குழு புகையிலை இல்லாத ‘மூலிகை’க் கலவையையும் சோதித்தது. நிக்கோட்டினைத் தவிர மற்ற நஞ்சுகளில் சொல்லிக்கொள்ளும்படி எந்தக் குறைவும் இல்லை.

சால்ட் லேக் விவகாரத்தின் ஓட்டை இந்த ஆய்வின் வெளிச்சத்தில் துலங்குகிறது. புகையிலைச் சட்டத்தின் கீழான விதிகளை 2017 மே மாதத்தில் மத்திய அரசு திருத்தி, புகைபிடிக்கும் இடத்தில் எதையும் பரிமாறக் கூடாது என்றது. அதற்குப் பிறகு ‘எங்களிடம் மூலிகைதான், நிக்கோட்டின் இல்லை’ என்பதே கடைகளுக்கு வாகான பதிலாகிவிட்டது. அந்தப் பதில் உண்மையாகவே இருந்தாலும் அது கிண்ணத்தைப் பற்றிய உண்மை மட்டும்தான். மாம்பழ வாசனையோடு மூலிகைக் கலவையை இழுக்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கும் மேலே எரிவது அதே சிரட்டைக் கரி.

நாற்றமில்லை என்பது கடைக்காரர் கண்ணில் இந்தக் கரியின் முதல் சிறப்பு. உடம்பின் கோணத்தில் அதுவே முதல் ஆபத்து. வட்டக் கரியின் நெடியாவது மூக்கைச் சுளிக்கவைத்து ஜன்னலைத் திறக்கச் சொல்லும். சிரட்டைக் கரி எதையும் சொல்லாது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வரும்போது இளைஞர்கள் வெறும் வயிற்றையோ வாசனையையோ காரணமாக்கிக்கொள்கிறார்கள். மயங்கி விழுந்தவரின் விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டர்கூட ஏமாற்றிவிடும். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினை ஆக்சிஜன் நிறைந்ததாகவே அது எண்ணிக் காட்டும். ரத்தப் பரிசோதனை செய்தால் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 20 முதல் 80 நிமிடம் நீளும் ஓர் அமர்வில் ஒருவர் 50 முதல் 200 முறை இழுக்கிறார். அவ்வளவு நேரமும் கரியை நன்றாகக் கனல வைத்திருப்பதுதான் அந்தக் கடையின் சேவை. சேவை எவ்வளவு சிறக்கிறதோ, அவ்வளவு நேரம் வாயுவும் வந்துகொண்டிருக்கும்.

பரிமாறும் இளைஞரின் நிலை இன்னும் மோசம். வாடிக்கையாளர் ஒன்றிரண்டு மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார். கங்கு மூட்டுகிறவரோ சமையலறை ஓரத்து அடுப்பருகே, இருபது முப்பது துண்டுகள் ஒருசேரக் கனலும் இடத்தில், மாலையிலிருந்து நள்ளிரவுவரை நிற்கிறார். புகையை அவர் இழுக்கவே வேண்டாம், மூச்சு விட்டாலே போதும். ஹூக்கா பற்றிய தடை அறிவிப்புகள் எல்லாம் இளைஞர் நலம் என்று பேசுகின்றன, இவரும் இளைஞர்தான்.

நெருப்பின் ஆபத்து தனி. 2017 டிசம்பர் 29 நள்ளிரவுக்குப் பின் மும்பை கமலா மில்ஸ் வளாகத்தின் மாடி உணவகங்கள் இரண்டில் பரவிய தீயில் 14 பேர் இறந்தார்கள். மோஜோஸ் பிஸ்ட்ரோ உணவகத்தில் ஹூக்காவுக்கான கரியை விசிறியபோது பறந்த பொறி திரைச்சீலையில் பற்றியிருக்கலாம் என்று தீயணைப்புத் துறையின் விசாரணை கண்டது. அடுத்த ஆண்டே மகாராஷ்டிரம் ஹூக்கா கடைகளைத் தடைசெய்தது. அது வந்தது புகையிலைச் சட்டத்தின் திருத்தமாக. பற்றவைத்தது கரியாக இருக்கலாமென்று விசாரணை சொல்ல, சட்டத்தில் ஏறியது புகையிலை.

தமிழ்நாடும் அந்தப் பாதையில்தான் போனது. 2022 அக்டோபரில் சட்டப்பேரவை நிறைவேற்றி, 2023-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற திருத்தம், ஹூக்கா கடை நடத்தினால் ஓராண்டு முதல் மூன்றாண்டுவரை சிறையும் 20,000 முதல் 50,000 ரூபாய்வரை அபராதமும் விதிக்கிறது. கண்டிப்பான சட்டம், தேவையானதும்கூட. ஆனால் சுருள் அடுப்பும் பெட்டிக் கரியும் வாங்குவதை அது தடுக்காது. கடை மூடினால் பழக்கம் அடுக்குமாடி வீட்டின் படுக்கையறைக்கு இடம்மாறும். குளிரூட்டிக்காக ஜன்னலை அடைத்த அறையில் நண்பர்கள் நால்வர் உட்கார்ந்தால், அங்கே வந்து பார்க்க எந்த ஆய்வாளரும் இல்லை.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கரியோடு வேறோர் உறவும் உண்டு. காங்கேயம், பல்லடம், பொள்ளாச்சி வட்டாரங்களில் தொட்டிக்கரி சுடுவது பழகிய தொழில். பெரும்பங்கு தண்ணீரைச் சுத்திகரிக்கும் செறிவூட்டிய கரியாக மாறுகிறது. அது நல்ல பயன். ஆனால் ஒரு கிலோ கரிக்கு மூன்று நான்கு கிலோ சிரட்டை வேண்டும். மிச்ச எடையில் பெரும்பகுதி புகையாகவும் ஆவியாகவும் போகிறது. குழியில் சுடும் இடங்களில் அந்தப் புகை பக்கத்துத் தோட்டத்திலும் கிணற்றடியிலும் இறங்குவதாக ஊர்க்காரர்கள் புகார் கொடுத்து வருகிறார்கள். மணமில்லாத தூய கரி என்று சால்ட் லேக்கில் விற்பது, அதன் நெடியை எங்கோ ஒரு கிராமத்தில் விட்டுவிட்டு வந்த கரி.

கொல்கத்தா தீர்ப்பு சட்டத்தைக் கேட்டது. அந்தச் சட்டம் முழுத் தடையாக இருக்கட்டும், கட்டுப்பாடாக இருக்கட்டும், புகையிலை என்ற ஒரே சொல்லில் நின்றுவிடக் கூடாது. மூடிய அறைக்குள் மனிதர் இழுப்பதற்காகக் கரி எரிப்பதையே அது வரையறுக்க வேண்டும். அப்போது மூலிகை என்ற சாக்குக்கு இடமிருக்காது. ஜெர்மனியின் பல நகரங்களில் இத்தகைய கடைகளில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம். புகை போக்கி இல்லாத அறையில் கரி மூட்ட முடியாது. ஓரிடத்தில் அனுமதி கொடுத்தே தீர வேண்டுமென்றால் இதற்குக் குறைந்து எதுவும் போதாது: கரி மூட்டத் தனி இடம், வெளியே இழுக்கும் மின்விசிறி, பக்கத்தில் துணியோ மூங்கிலோ இல்லாத சுவர், பயன்படுத்திய கங்குகளைப் போட மூடியுள்ள இரும்புத் தொட்டி. கூடவே, அடுப்பருகே நிற்பவருக்குக் குறிப்பிட்ட நேரத்துக்கொருமுறை வேலை மாற்றம், ஆண்டுக்கொரு முறை ரத்தப் பரிசோதனை. பிதான்நகர் மாநகராட்சி 2022-இல் செய்ததுபோல அறிவிப்பால் மூடப் பார்த்துத் தோற்பதைவிட, உணவகத்துக்கும் தீயணைப்புக்கும் கொடுக்கும் உரிமங்களிலேயே இந்த நிபந்தனைகளை எழுதச் சொல்லி மாநில அரசைக் கேட்கலாம். எச்சரிக்கைக் கருவியின் விலையும் கடைகளுக்குப் பெரிய சுமை அல்ல.