ஒரு சொட்டு வினிகரின் தீர்ப்பு

கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்க ஆசைப்படுகிறவர்களிடம் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. கல்லை எடு, மேலே வினிகரைச் சொட்டு, நுரைத்தால் சுண்ணாம்புக்கல், தொட்டிக்குள் போடு. காசு கொட்டி வெளிநாட்டு உலர்பாறை (டிரை ராக்) வாங்குவானேன், ஊர்க் கல்லே போதும் என்று இதற்கு வக்காலத்து வாங்குகிறவர்களும் பெருகிவிட்டார்கள்.

அந்தப் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. செலவு மிச்சம். மன்னார் வளைகுடாப் பவளமும் தப்பிக்கிறது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையைப் பெயர்த்தெடுத்ததால் அங்கே விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றைத் தொடாமல் மாற்று தேடுகிறவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அந்தச் சொட்டு எதைச் சொல்கிறது? கல்லில் கார்பனேட் இருக்கிறது என்பதை. அதோடு சரி. அதைக்கூட ஒழுங்காகச் சொல்வதில்லை: டோலமைட்டைப் பொடியாக்கினால் ஒழிய வினிகருக்கு அது அசைந்து கொடுக்காது. எந்தக் கெடுதலும் செய்யாத கருங்கல் இந்தச் சோதனையில் தோற்றுப்போகும். நுரைக்கும் கல் தண்ணீரின் பி.எச்.சைத் தாங்கிப் பிடிக்கும் என்பதும் பாதி நம்பிக்கைதான். 8.2 அளவில் இருக்கும் கடல்நீரில் கால்சியம் கார்பனேட் ஏற்கெனவே மிகைச்செறிவில் இருப்பதால் கல் கரைவது அரிது. ஆக, நுரை உறுதிசெய்வது தொட்டிக்குப் பெரிதாக உதவாத ஒன்றை. தொட்டி அஞ்ச வேண்டிய பாஸ்பேட், தாமிரம், குரோமியம் எதையும் அது தொடுவதே இல்லை.

ஆம்பூரில் தொட்டி வைத்திருப்பவர் இதற்கு வெகுதூரம் போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. 2019 முதல் அவர் ஊர் இருக்கும் திருப்பத்தூர் மாவட்டத்திலேயே சேவாத்தூர் இருக்கிறது. அரசின் டாமின் நிறுவனம் வெர்மிகுலைட் எடுக்கும் ஊர் அது. நெருப்புக் குழம்பிலிருந்தே பிறந்த கார்பனடைட் என்னும் அரிய பாறை அங்கே உண்டு. அதன் கால்சைட் நிறைந்த துண்டின் மேல் வினிகர் பட்டால் நுரை எழும்பும். சோதனைப்படி முதல் தரம். அந்தக் கால்சைட்டுக்கு நடுவே பாஸ்பேட் கனிமமான அபடைட்டும், யுரேனியம் கலந்த பைரோகுளோரும் பதிந்திருக்கின்றன. அபடைட் கடல்நீரில் சட்டென்று கரைந்துவிடாது என்பது உண்மை. ஆனால் அந்தத் துண்டைக் கையில் வைத்திருப்பவருக்கு அது உள்ளே இருப்பதே தெரியாது. நுரை சொல்லவில்லையே.

பழைய தொட்டியிலிருந்து கைமாறி வரும் கல் இன்னும் மோசம். வெள்ளைப்புள்ளி நோய்க்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவில் தாமிர மருந்து ஊற்றுவார்கள். சுண்ணாம்புக்கல் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்ல விடும். மீன் தாங்கும் அந்த அளவை நத்தையும் இறாலும் பவளமும் தாங்காது. கல்லோ முன்பு நுரைத்தது போலவே இப்போதும் நுரைக்கும்.

பாலாற்றுக்கு வந்தால் இந்தச் சோதனை வெறும் குறை என்ற நிலையைத் தாண்டி ஆபத்தாகவே ஆகிறது. அதன் கரையோர ஆம்பூர், வாணியம்பாடி தோல் பதனிடும் ஆலைகளில் தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்பு. பதனிடக் குரோமிய உப்பு. பழைய முறையில் அந்த உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரோடு போய்விடும். காரத்தன்மையுள்ள நீரில் குரோமியம் ஹைட்ராக்சைடாகி வண்டலிலும் கல்லின் துளைகளிலும் ஒட்டிக்கொள்ளும். கூடவே ஓடும் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மறுபடி கால்சியம் கார்பனேட்டாகப் படியும். கால்வாயோரம் கிடக்கும் சாதாரணக் கருங்கல்லின் மேல் அந்தப் படிவு வெள்ளையாக ஏறியிருந்தால் வினிகர் என்ன செய்யும்? நுரைக்கும். கழிவே கல்லுக்கு நற்சான்று கொடுத்துவிடும்! சுத்திகரிப்பு நிலையங்கள் பிறகு வந்தன, நிலைமை மாறியது என்று சொல்லலாம். அதற்கு முன்பே படிந்த வண்டல் எங்கே போயிற்று?

இந்தத் தோல் கழிவுக்கு எதிராக ஆற்றங்கரைக்காரர்கள் தொடுத்த வழக்கில்தான் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. தீங்கு நேர்ந்ததை மக்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. தன் செயல் தீங்கற்றது என்பதைச் செய்கிறவரே காட்ட வேண்டும் என்றது தீர்ப்பு. 2025 ஜனவரியிலும் இதே தோல் கழிவு குறித்து அந்த நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. வினிகர்க் கட்சி இந்தக் கோட்பாட்டைத் தலைகீழாக்குகிறது. கெடுதல் கண்ணில் படவில்லை, ஆகவே நல்ல கல் என்கிறது. குறையைக் காட்டும் பொறுப்பை ஊமையான பவளத்தின் தலையில் கட்டுகிறது. பவளம் பதில் சொல்லும்போது உயிரோடு இருப்பதில்லை.

கல் எங்கே கிடந்தது, அதன் மேல் எந்தத் தண்ணீர் ஓடியது, முன்பு எந்தத் தொட்டியில் இருந்தது? முதலில் இவற்றைக் கேட்க வேண்டும். விடை திருப்தியாக இருந்தால், தனி வாளியில் உப்புநீர் ஊற்றி, மோட்டார் ஓடவிட்டு, சில வாரம் ஊறவைத்துத் தண்ணீரைச் சோதிக்கலாம். மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் சோதனைக் கிட்டுகள் பாஸ்பேட்டையும் தாமிரத்தையும் காட்டிவிடும். குரோமியத்துக்கு ஆய்வுக்கூடம்தான் வழி. அந்தச் செலவு கட்டாதவர் பாலாற்றுக் கல்லைப் பாலாற்றிலேயே விட்டுவிட்டு, சிமெண்டும் சிப்பித் தூளும் கலந்து தாமே கல் வார்த்துக்கொள்வது நல்லது. புதுச் சிமெண்டின் காரம் இறங்க, தண்ணீரை மாற்றி மாற்றி வாரக்கணக்கில் ஊறவைக்க வேண்டியிருக்கும். ஊறும் நீரின் பி.எச். 8.4-க்குக் கீழே வந்து அங்கேயே நிலைத்தபின் அந்தக் கல்லைத் தொட்டியில் இறக்கலாம்.