யாரைக் கேட்டு மன்னித்தார்கள்?

ஜேனட் ஓக் எழுதிய ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’ (1979) நாவலைக் கேலி செய்யும் உத்தேசத்தோடுதான் கையிலெடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, ஒரே ராத்திரியில் முடித்துவிட்டேன். குடியேற்ற வண்டியில் கணவனோடு அமெரிக்காவின் மேற்கே போன மார்ட்டி வழியிலேயே அவனைப் பறிகொடுக்கிறாள். வயிற்றில் பிள்ளை. புதைத்த மண் காய்வதற்குள் கிளார்க் என்கிற விவசாயி வந்து நிற்கிறான். அவனும் மனைவியை இழந்தவன். தாயில்லாத சின்னப்பெண் ஒருத்தி வீட்டில் இருக்கிறாள். குழந்தைக்காகக் கல்யாணம் செய்துகொள், வசந்தத்தில் ஊர் திரும்ப விரும்பினால் வழிச்செலவு என்னுடையது என்பது ஒப்பந்தம். அவன் தொடுவதில்லை, அதட்டுவதில்லை. ஜெபிக்கிறான், வேலை செய்கிறான். இந்தப் பொறுமையைத்தான் பிரதி காமமாக மாற்றுகிறது. பெத்தனி ஹவுஸ் என்னும் சுவிசேஷப் பதிப்பகம் வெளியிட்ட இந்நாவலின் வெற்றியிலிருந்தே கிறிஸ்தவக் காதல்கதை தனிச்சந்தையாகத் திரண்டது எனலாம்.

‘பொம்பளைங்க படிக்கிற குப்பை’ என்று தோழர்கள் ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. காதல்கதை வாசிக்கும் பெண்களோடு பேசி ஜானிஸ் ராட்வே 1984இல் எழுதிய ஆய்வு, வாசிப்பு நேரம் என்பது குடும்பத்திடமிருந்து அவர்கள் பிடுங்கிக்கொள்ளும் நேரம் என்று காட்டியது. அதட்டாத ஆணைக் கற்பனை செய்வதில் ஒரு புகார் இருக்கிறது. அதை நாம் கேட்கத்தான் வேண்டும்.

என் சிக்கல் வேறு. கிளார்க்கின் நிலம் யாருடையது? 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம் குடியேறியவருக்கு 160 ஏக்கர் வரை கொடுத்தது. அந்த ஏக்கர்கள் சும்மா கிடந்தவை அல்ல. ஓக்கின் கதையாடலில் இது மௌனம். ஆனால் மௌனம் கலைந்த இடத்தில் நடந்ததுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது.

கேரன் விட்மெயரின் ‘அட் லவ்ஸ் கமாண்ட்’ (2020) வூண்டட் நீயில் தொடங்குகிறது. 1890 டிசம்பர் 29 அன்று தெற்கு டகோட்டாவில் 7ஆம் குதிரைப்படை லக்கோட்டா மக்களைச் சுட்டுக் கொன்ற இடம் அது. செத்தவர்கள் 150இலிருந்து 300 வரை என்கிறார்கள். பெண்களும் குழந்தைகளும் ஏராளம். நாவலின் நாயகன் மேத்யூ ஹேங்கர் அந்தப் படையின் அதிகாரி. குற்றவுணர்வில் கடவுளிடம் மன்றாடுகிறான், படையை விடுகிறான், டெக்ஸாஸில் ஆபத்தில் இருப்பவர்களைக் காக்கிறான், ஒரு பெண் மருத்துவரைக் காதலிக்கிறான். 2021 ஜூலையில் அமெரிக்கக் காதல்கதை எழுத்தாளர் சங்கம் இதற்கு விருது கொடுத்தது. விருதின் பெயர் ‘விவியன்’. சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான கறுப்பினப் பதிப்பாசிரியர் விவியன் ஸ்டீஃபன்ஸின் பெயர்! எதிர்ப்பு கிளம்பியதும் ஆகஸ்டில் திரும்பப் பெற்றார்கள்.

பாவியை மீட்பதுதானே கிறிஸ்தவக் கதை, இதிலென்ன தப்பு என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மீட்பையே மறுப்பவன் இல்லை நான். ஆனால் இங்கே மன்னிப்பு யார் யாருக்கிடையே நடக்கிறது? சுட்டவன், கடவுள், அப்புறம் சுட்டவனைக் காதலிக்கும் வெள்ளைப் பெண். லக்கோட்டாக்காரர் ஒருவரைக்கூட யாரும் கேட்கவில்லை. கொலையுண்டவர்கள் ஒரு தன்னிலைக்கு ஆழம் சேர்க்கும் முன்னுரையாகிவிடுகிறார்கள். நாயகனின் பெயரே மத்தேயு. காணிக்கையைப் பலிபீடத்தில் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்வது மத்தேயு சுவிசேஷத்தின் 5ஆம் அதிகாரம்தான். ஆக, என் கேள்வி மார்க்சியத்திலிருந்து மட்டும் வருவதல்ல. அவர்கள் வேதத்திலேயே இருக்கிறது.

காயம்பட்ட லக்கோட்டாக்களைப் பைன் ரிட்ஜ் எபிஸ்கோபல் தேவாலயத்தில் கிடத்தினார்கள். இருக்கைகளைப் பிடுங்கி, தரையில் வைக்கோல் பரப்பி. கிறிஸ்துமஸ் தோரணங்கள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. அங்கே சிகிச்சையளித்தவர் சார்லஸ் ஈஸ்ட்மன், டகோட்டா இனத்தவர், பாஸ்டனில் படித்த மருத்துவர், கிறிஸ்தவர். ஜனவரி 1 அன்று பனிக்குள் யாராவது உயிரோடு கிடக்கிறார்களா என்று தேடப் போனவரும் அவரே. தேவாலயத்தில் அவரோடு காயங்களைக் கவனித்த வெள்ளைக்காரப் பெண் எலைன் குடேல், அவருக்கு நிச்சயிக்கப்பட்டவள். 1891இல் மணம் முடித்தார்கள்.

மருத்துவர், விசுவாசம், எல்லைப்புறம், காதல் என்று இந்த வகைக்கு வேண்டிய எல்லாமே இதில் இருக்கின்றன. நான் படித்த இவ்வகை நாவல்களில் இதைக் காணவில்லை. இன்பமான முடிவு கட்டாயம் என்கிற சந்தையில் இது போகவும் போகாது. ஆறு பிள்ளைகளுக்குப் பிறகு, 1921இல் அவர்கள் பிரிந்துவிட்டார்கள்.