சுவருக்கு அந்தப் பக்கத்து ஜெபமாலை

எங்கள் வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர். தாத்தா கட்டிய ஓட்டு வீட்டைப் பாகம் பிரித்தபோது அவசரமாக எழுப்பிய ஒற்றைக்கல் சுவர். ஆவூர்ப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. இரவு ஏழு மணிக்கு இரண்டு வீட்டிலும் ஜெபமாலை தொடங்கும். எங்கள் வீட்டில் மூன்றாம் பத்து ஓடும்போது அங்கே இரண்டாம் பத்து ஓடும். சித்தி நிறுத்தி நிதானமாகச் சொல்வார். அப்பாவும் சித்தப்பாவும் பேச்சை நிறுத்தி அப்போது ஏழு வருடம் ஆகியிருந்தது. பொதுக்கிணற்றில் யாருக்கு எந்த நாள் முறைத் தண்ணீர் என்பதில் வந்த சண்டை. தினமும் ஒரே நேரத்தில், சுவருக்கு இரு பக்கமும் முழந்தாளில் நின்று, தங்களுக்குத் தீமை செய்தவரை மன்னிப்பதாக இருவரும் கடவுளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

53 மணி ஜெபமாலை என்பது எங்கள் ஊர் வழக்கு. மரியாளை வாழ்த்தும் மந்திரம் 53 முறை வருவதால் அந்தப் பெயர். அதற்கிடையே, தீமை செய்தவரை மன்னிப்பதாகச் சொல்லும் பரலோக மந்திரம் 6 முறை வருகிறது. ஒரு மாலைக்கு ஆறு வாக்குறுதி என்றால் ஏழு வருடத்துக்கு எத்தனை என்று சிறு பிள்ளையாக நான் கணக்குப் போட்டுப் பார்த்ததுண்டு. ஒருவருக்கு 15,000க்கு மேல் வந்தது. குடும்ப ஜெபமாலை எங்களுக்கு என்ன தந்தது, எதைத் தரத் தவறியது என்று யோசிக்கும்போதெல்லாம் அந்தக் கணக்குதான் முன்னால் வந்து நிற்கிறது.

தந்தது பெரிது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் கிறிஸ்தவம் வேர்விட்டது 17ஆம் நூற்றாண்டின் கடைசியில். பிரெஞ்சு நாட்டு இயேசு சபைத் துறவி பூசே ஆவூரில் கோயில் எழுப்பினார். வீரமாமுனிவரும் பிற்பாடு அங்கே பணியாற்றினார். ஆனால் சாமியார் என்பவர் அன்றைக்கு வருடத்துக்கு ஒரு தடவை, சில ஊர்களில் அதுவும் இல்லாமல், வந்துபோகும் விருந்தாளி. மற்ற நாளெல்லாம் உபதேசியார் வாய்மொழியாகக் கற்றுக்கொடுத்த ஜெபங்கள்தாம் கோயில், பூசை, வேதபாடம் எல்லாம். 1773இல் திருத்தந்தை இயேசு சபையையே கலைத்தார். அதன் பிறகு 1830களின் கடைசியில் அச்சபைத் துறவிகள் இந்தப் பகுதி அடங்கிய மதுரை மிஷனுக்குத் திரும்பி வரும்வரை ஏறத்தாழ இரண்டு தலைமுறை. கோவாவிலிருந்து வந்த சில குருக்களைத் தவிர அநேகமாக ஆள் கிடையாது. அந்த நீண்ட இடைவெளியில் விசுவாசத்தை அடைகாத்தது எழுதப் படிக்கத் தெரியாத பெண்களின் வாய். ஜெபமாலைக்குப் புத்தகம் வேண்டாம், விளக்கு வேண்டாம், விரல் இருந்தால் போதும். எங்கள் அப்பாயிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கிருபை தயாபத்து மந்திரத்தையும் மாதா பிரார்த்தனையையும் ஒரு சொல் பிசகாமல் சொல்வார். அவரிடம் ‘சர்வேசுரன்’ இருந்தார், அம்மாவிடம் ‘பரலோகம்’ இருந்தது, எங்களிடம் ‘விண்ணகம்’ வந்தது. ஒரே ஜெபத்தை மூன்று தலைமுறைத் தமிழில் ஒரே நேரத்தில் சொல்லி, கடைசிச் சொல்லில் எல்லோரும் வந்து சேர்ந்துகொள்வோம்.

வேறொரு பலனும் உண்டு, அதை இன்று அதிகம் உணர்கிறேன். மனம் ஓடாத நாளிலும் வாய் ஓடும். சொந்தச் சொல்லில் ஜெபிக்க வேண்டும் என்றால் துக்கத்தில் இருப்பவருக்கு நாக்கு எழாது; மனப்பாட ஜெபம் அவரைத் தூக்கிக்கொண்டு போகும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது ஆலங்குடிப் பக்கம் அத்தை வீட்டில் தென்னை எல்லாம் சாய்ந்து கிடந்தது. பல நாள் மின்சாரம் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அத்தை பரலோக மந்திரத்தில் அன்றன்றைய உணவைக் கேட்கும் இடத்துக்கு வந்தபோது, அதற்கு முன் நூறு தடவை கேட்டிருந்தும், அன்றுதான் அது எனக்கு ஜெபமாகக் கேட்டது. வாசலில் பக்கத்துத் தெரு இந்து, முஸ்லிம் வீட்டார் கொண்டுவந்து வைத்த அரிசிப் பைகள் இருந்தன. ‘எங்களுக்கு’ என்ற சொல்லுக்குள் அந்தப் பைகளைத் தந்தவர்களும் வந்துவிட்டார்கள்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். ‘சேர்ந்து ஜெபிக்கும் குடும்பம் சேர்ந்து வாழும்’ என்ற வாசகம் நம் வீடுகளில் காலண்டரிலும் சுவரொட்டியிலும் தொங்குகிறது. 1942இல் அமெரிக்காவில் குடும்ப ஜெபமாலை இயக்கத்தைத் தொடங்கிய பேட்ரிக் பெய்ட்டன் என்ற குரு உலகமெங்கும் பரப்பியது அது. நல்ல வாசகம்தான். ஆனால் அது குடும்பத்தை நான்கு சுவருக்குள் நிறுத்திவிடுகிறது. எங்கள் வீடு சேர்ந்து ஜெபித்தது, சேர்ந்தும் வாழ்ந்தது. சித்தப்பா வீடும் அப்படியே. இரண்டும் எதிரெதிராக இருந்தன. ஜெபம் ஒவ்வொரு வீட்டையும் இறுகக் கட்டியது. அந்த இறுக்கத்திலேயே நடுச்சுவரும் உறுதிப்பட்டது.

தமிழில் ‘நம்’ வேறு, ‘எங்கள்’ வேறு. பரலோக மந்திரத்தில் கடவுளைப் பார்த்துப் பேசும்போது ‘எங்கள் தந்தை’ என்றுதான் சொல்ல முடியும். அந்த ‘எங்கள்’ யார் யார்? தனியாக ஜெபிப்பவரும் ‘என்’ என்று சொல்ல இந்த ஜெபத்தில் இடம் இல்லை என்று 3ஆம் நூற்றாண்டிலேயே கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் விளக்கி எழுதியிருக்கிறார். நம் மண்ணிலோ மிஷன் தொடக்க காலத்திலேயே மேல்சாதிக்கு ஒரு கோலத்தில் துறவியும், மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று வேறு கோலத்தில் துறவியும் வந்தார்கள். அன்றைய சாதி நெருக்கடியை நான் மறுக்கவில்லை, அதன் நிழல் இன்னும் விலகவில்லை என்பதே என் வருத்தம். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து நின்ற சுவரைத் தமிழ்நாடே அறியும். அக்டோபர் மாதம் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகிறது. எந்தத் தெருமுனையோடு அது திரும்புகிறது என்று ஒவ்வொரு பங்கிலும் பார்த்துக்கொள்ளலாம். திரும்பும் இடம் ஒன்று இருக்குமானால் அங்கே ‘எங்கள்’ என்ற சொல் பொய்யாகிவிடுகிறது.

வீட்டுக்குள்ளும் ஒரு பொய் உண்டு. பரலோக மந்திரத்தின் பழைய வடிவில் ‘பொறுத்தல்’ என்ற சொல் இருந்தது, புதிதில் ‘மன்னித்தல்’ வந்திருக்கிறது. புராட்டஸ்டன்ட் சபைகளின் வேதாகமத்தில் ‘கடன்’ என்று இருக்கிறது; மத்தேயுவின் கிரேக்கச் சொல்லுக்கு மிக நெருக்கமானது அதுதான். வட்டிக்குக் கொடுத்து வாங்கும் வீட்டில் அந்தச் சொல் நாக்கில் முள்ளாகக் குத்த வேண்டும். எங்களிடம் புழங்கிய ‘பொறுத்தல்’ வேறு வகையில் ஆபத்தானது. தமிழில் பொறுப்பது என்றால் சுமப்பதும்தான். குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடமிருந்து அம்மா வீட்டுக்கு வந்த பெண்ணை உட்கார வைத்து, ‘பொறுத்துப் போம்மா, மாதா பொறுக்கலையா’ என்று பெரியவர்கள் சொல்வதை என் காதால் பல தடவை கேட்டிருக்கிறேன். ஜெபத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருந்த கடமை, ஜெபம் முடிந்ததும் வீட்டின் மிக எளிய தோள் மேல் மட்டும் ஏற்றப்படுகிறது. அடித்தவனை மனந்திரும்பச் சொல்லாமல் அடிபட்டவளைப் பொறுக்கச் சொல்வது கிறிஸ்து கற்பித்த ஜெபம் அல்ல. இதில் எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை.

அடுப்படியையும் பாருங்கள். ஐந்தாம் பத்தில் அம்மாவின் குரல் அடுப்படியிலிருந்து வரும். குழம்பு பொங்கும், அவர் எழுந்து போவார், மணிகளை மட்டும் விடாமல் உருட்டிக்கொண்டே கிண்டுவார். அப்பா முழந்தாளில் அசையாமல் நிற்பார். வீட்டில் அதிகம் பக்தி உள்ளவர் அப்பா என்றுதான் ஊர் சொல்லும். மாதா பிரார்த்தனை முடிந்ததும் பிள்ளைகள் தோத்திரம் சொல்லிப் பெரியவர்களிடம் நெற்றியில் சிலுவை வாங்குவோம். முதலில் அப்பாவிடம், பிறகு அப்பாயியிடம், அம்மாவிடம் கடைசியில். அவர் கையில் மிளகாய் வாசம் இருக்கும்.

இப்போதைய வீடுகளில் தொலைக்காட்சித் தொடரும் கைபேசியும் அந்த அரைமணி நேரத்தை அரித்துவிட்டன என்று பங்குச் சாமியார்கள் வருத்தப்படுகிறார்கள். அதை நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி, அங்கே மணி ஒன்பதரை ஆகும்போது வாட்ஸ்அப் வீடியோவில் வந்து இரண்டாம் பத்தைச் சொல்கிறான். நேரம் கிடைக்காமல் போவதைவிட, சொன்ன சொல் நம்மைத் தொடாமல் போவதுதான் இந்த வழக்கத்தின் நோய். 53 முறை ஓடும் தாளம் நம்மைத் தாலாட்டுகிறது. அதே தாளம் பரலோக மந்திரத்தில் உள்ள ஒரே நிபந்தனையையும் கவனிக்காமல் கடக்க வைக்கிறது. மத்தேயு நற்செய்தி 6ஆம் அதிகாரத்தில் இந்த ஜெபத்தைக் கற்றுக்கொடுத்த உடனேயே இயேசு ஒரேயொரு விண்ணப்பத்துக்கு மட்டும் திரும்பி வந்து விளக்கம் சொல்கிறார். உணவுக்கு அல்ல, சோதனைக்கு அல்ல, மன்னிப்புக்கு. நாம் எங்கே விரைவோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த விரைவை எங்கள் வீட்டில் நிறுத்தியவர் அப்பாயி. இரண்டு மகன்கள் வீட்டிலும் மாதம் மாறி மாறிச் சாப்பிட்டவர் அவர். ஒரு தவக்காலத்து மாலை முதல் பத்தைத் தொடங்கினார். பரலோக மந்திரத்தில் மன்னிப்பைச் சொல்லும் அந்த இடம் வந்ததும் நின்றுவிட்டார். மறந்துவிட்டதாக நினைத்து அம்மா எடுத்துக் கொடுத்தார். ‘மறக்கலம்மா. இதுக்கு மேல எனக்கு வாய் வரல. நீங்க சொல்லி முடிங்க’ என்றார். யாரும் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சித்தியின் குரல் மட்டும் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அன்று எங்கள் வீட்டில் ஜெபமாலை முதல் பத்தைத் தாண்டவில்லை.

அப்பா அன்றைக்கே எழுந்து சித்தப்பா வீட்டுக்குப் போய்விடவில்லை. உயிர்ப்புத் திருநாள் அன்று தூக்குவாளியில் கறிக்குழம்பு ஊற்றி, ‘சித்தப்பா வீட்டுல குடுத்துட்டு வா’ என்று என்னை அனுப்பினார். வாளி வெறுமனே திரும்பவில்லை, சித்தி பாயசம் ஊற்றிக் கொடுத்தார். அண்ணன் தம்பி வாய் திறந்து பேச அதற்கப்புறம் ஒரு வருடம் ஆனது. முறைத் தண்ணீர் ஆளுக்கு இரண்டு நாள் என்று முடிவாயிற்று.

ஜெபமாலையை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டு தலைமுறை அநேகமாகக் குருக்கள் இல்லாமல் நின்ற மக்களின் முதுகெலும்பு அது. ஆனால் இன்று இரவு உங்கள் வீட்டில் அதைச் சொல்லும்போது மூன்று காரியம் செய்து பாருங்கள். அடுப்பை அணைத்துவிட்டு அம்மாவை உட்கார வையுங்கள். முதல் சிலுவையை அவர் கையிலிருந்து வாங்குங்கள். ஆறு பரலோக மந்திரத்தில் ஒன்றிலாவது அந்த வரிக்கு முன்னால் நில்லுங்கள். யார் முகம் நினைவுக்கு வருகிறதோ அவர் வீட்டுக்கு நாளைக்கே ஒரு தூக்குவாளி போகட்டும்.