லிஸ்பனில் குரல் கேட்ட இரவு

43 கோல் அடித்த அணி அது. 2019–20 சாம்பியன்ஸ் லீகில் பயர்ன் மியூனிக் ஆடிய 11 ஆட்டங்களிலும் வென்றது. அதுவரை எந்த அணியும் எல்லா ஆட்டத்தையும் வென்று இந்தக் கோப்பையை எடுத்ததில்லை. காலிறுதியில் பார்சிலோனாவை 8-2 என்று சிதைத்தது, அரையிறுதியில் லியோனுக்கு மூன்று அடித்தது. ஆனால் அந்த 43-இல் இறுதி ஆட்டத்தில் விழுந்தது ஒன்றே ஒன்று. பாரிஸ் சான் ஜெர்மைன் அணிக்கு எதிரே 1-0. மறுநாள் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். நெய்மார், எம்பாப்பே, லெவண்டோவ்ஸ்கி மூவரும் ஒரே புல்தரையில் இருந்தும் ஆட்டம் வறண்டுபோனது என்றார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் பார்த்த இறுதி ஆட்டங்களில், தொழில் தெரிந்தவர்களின் வேலையை இவ்வளவு நெருக்கத்தில் காட்டியது இதுதான். அதற்குப் பெரிய காரணம், அரங்கில் ஆளில்லாதது.

2020 மே 30 அன்று இஸ்தான்புல்லில் நடந்திருக்க வேண்டிய ஆட்டம் இது. கொரோனா எல்லாவற்றையும் கலைத்துப் போட்டது. பிரான்ஸ் தன் லீகைப் பாதியிலேயே முடித்துக்கொண்டது. ஜெர்மனி மே 16-இல் காலி அரங்குகளில் மீண்டும் தொடங்கியது. ஐரோப்பியக் கோப்பையின் மிச்சத்தை என்ன செய்வது என்று யோசித்து, கடைசி எட்டு அணிகளையும் ஆகஸ்ட்டில் லிஸ்பனுக்கு வரவழைத்தார்கள். சொந்த ஊரில் ஒன்று, எதிரி ஊரில் ஒன்று என்ற வழக்கம் போய், காலிறுதியும் அரையிறுதியும் ஒற்றை ஆட்டமாயின. தோற்றால் விமானம் ஏற வேண்டியதுதான். ஆகஸ்ட் 23 இரவு, பென்ஃபிகா கிளப்பின் எஸ்தாதியோ ட லூஸ் அரங்கில் இறுதி ஆட்டம். 60,000-க்கு மேல் உட்காரக்கூடிய அந்த அரங்கில் ரசிகர் ஒருவர்கூட இல்லை. மாற்று ஆட்டக்காரர்கள் முகக்கவசத்துடன் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். இந்தியாவில் அப்போது நள்ளிரவு தாண்டி அரை மணி.

டிசம்பர் சபாக் கச்சேரியில் பழகிய காதுக்கு, மைக் வைக்காமல் ஒரு வீட்டுக் கூடத்தில் பாடக் கேட்பது முதலில் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். பாடகர் மூச்செடுப்பது கேட்கும், மிருதங்கக்காரர் விரலை மாற்றுவது தெரியும். சிறிது நேரத்தில் அதுதான் சங்கீதம் என்று பிடிபடும். லிஸ்பனும் அப்படித்தான். சில தொலைக்காட்சிகள் பதிவு செய்த கூட்ட இரைச்சலைச் சேர்த்து ஒளிபரப்பின. அதை நிறுத்திவிட்டுப் பார்த்தவர்களுக்கே அதிர்ஷ்டம்.

ஏனென்றால் கால்பந்து வாயாலும் ஆடப்படும் ஆட்டம். பந்தை வாங்குகிறவனுக்குப் பின்னால் கண் கிடையாது. பின்னால் ஆள் வருகிறானா, திரும்ப நேரமிருக்கிறதா, தொடாமல் விட்டுவிட வேண்டுமா என்பதை உடன் ஆடுகிறவன்தான் கத்திச் சொல்ல வேண்டும். நிறைந்த அரங்கில் இந்தப் பேச்சு முழுவதும் இரைச்சலில் மூழ்கிப்போகும். பார்க்கிற நாம் ஏதோ மாயத்தால் அவர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்வதாக நினைப்போம். காலி அரங்கு அந்த மாயத்தை உரித்துக் காட்டியது. பயர்னின் தாமஸ் முல்லருக்கு ஜெர்மனியில் வெகுகாலமாகவே ‘ரேடியோ முல்லர்’ என்று பட்டப்பெயர். அந்தப் பெயரின் முழுப் பொருத்தமும் 2020-இல்தான் வெளியூர்க்காரர்களுக்கு விளங்கியது. மனுஷன் வாயை மூடுவதே இல்லை. முன்னால் நின்று எதிரணியை நெருக்க எப்போது கிளம்ப வேண்டும் என்று அவர் குரல் கொடுப்பார். அந்தக் குரலுக்குப் பின்னால் நான்கைந்து பேர் ஒரே சமயத்தில் பாய்வார்கள். முல்லரிடம் வேகமும் இல்லை, கண்ணைப் பறிக்கும் கால்வித்தையும் இல்லை. அப்படியிருந்தும் அவர் ஏன் இத்தனை வருடம் அந்த அணியில் நிலைத்தார் என்று கேட்பவர்களுக்கு இந்த ஆட்டத்தின் ஒலிப்பதிவைக் கொடுத்தால் போதும்.

ஆட்டத்துக்கு முன்பு எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: பயர்ன் பயிற்சியாளர் ஹன்ஸி ஃப்ளிக் தன் பின்வரிசையைக் கீழே இறக்குவாரா? 2019 நவம்பரில் நிகோ கோவாச்சிடமிருந்து அணியை ஏற்றதிலிருந்தே, பின்கள வீரர்களை நடுக்கோட்டுக்கு அருகில் நிறுத்தி ஆடுவது அவர் பாணி. எதிரணிக்கு மூச்சுவிட இடம் தராத பாணி. ஆனால் அந்த வரிசைக்குப் பின்னால் ஒரு பெரிய வெற்று நிலம் கிடக்கும். எதிரே நிற்பதோ எம்பாப்பே. உலகத்தில் வேறு யாருக்கு அந்த நிலத்தைக் காட்டினாலும் அவருக்குக் காட்டக்கூடாது. ஃப்ளிக் காட்டினார். வரிசையின் நடுவில் டேவிட் அலாபா; பிறவி இடதுபின் ஆட்டக்காரர், நடுப்பின்னாக மாற்றப்பட்டவர். இடப்பக்கம் 19 வயது அல்ஃபோன்ஸோ டேவிஸ், கானாவில் அகதி முகாமில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். ஓடித் திரும்பிப் பிடிக்கும் கால் அவருக்கு உண்டு. எல்லாருக்கும் பின்னால், மிச்சமிருக்கும் நிலத்துக்குக் காவலாக, கோலி மானுவல் நோயர்.

இந்த ஆட்டம் நோயருடையது. ஆட்ட நாயகன் விருது கோல் அடித்தவருக்குப் போனது, போகட்டும்.

18-வது நிமிடம். எம்பாப்பே தந்த பந்து, இடப்பக்கம் கோலை நோக்கிப் பாயும் நெய்மாரிடம் வந்து சேருகிறது. நெய்மாருக்கும் கோலுக்கும் இடையில் நோயர் மட்டும். இந்த இடத்தில் சாதாரண கோலி ஒரு பக்கம் ஊகித்துச் சாய்ந்துவிடுவார். நெய்மார் எதிர்பார்ப்பதும் அதைத்தான். நோயர் சாயவில்லை. சரியாக எத்தனை அடி முன்னால் வர வேண்டுமோ அத்தனை வந்து, கால்களை அகட்டி, கைகளை விரித்து, உடம்பை ஒரு கதவாக்கி நின்றார். ஹேண்ட்பால் கோலிகளிடம் காணக்கூடிய நிலை இது. பந்து எங்கே போகிறது என்று பார்த்துத் தடுப்பதல்ல. பந்து போகக்கூடிய இடங்களையே இல்லாமல் செய்வது. நெய்மாரின் அடி அவர் மேல் பட்டுத் திரும்பியது. நெய்மார் விடாமல் பாய்ந்து அதை மறுபடியும் உள்ளே திருப்பப் பார்க்க, தரையில் கிடந்தபடியே நோயர் அதையும் தடுத்தார். முதல் தடுப்பைவிட இரண்டாவது எனக்குப் பிடிக்கும். முதலாவதில் தேர்ச்சி இருக்கிறது. இரண்டாவதில், வேலை இன்னும் முடியவில்லை என்று தெரிந்த மனசு இருக்கிறது.

அப்போது அவருக்கு வயது 34. 2017-இல் பாதம் முறிந்து கிட்டத்தட்ட ஒரு பருவம் முழுவதும் வெளியே இருந்தவர். அவருக்கு அடுத்து யார் என்று யோசித்து, அந்தக் கோடையில் ஓர் இளம் கோலியைக் கிளப் சேர்த்தும் வைத்திருந்தது. இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் அந்த இரண்டாவது தடுப்பைப் பார்க்க வேண்டும்.

நான்கு நிமிடம் கழித்து மறுபக்கம். லெவண்டோவ்ஸ்கி பெட்டிக்குள் உடம்பைத் திருப்பி அடித்த பந்து போஸ்ட்டில் மோதியது. அந்தச் சத்தம் வெறும் அரங்கில் நன்றாகவே கேட்டது. அந்தப் பருவத்தில் இந்தப் போட்டியில் 15 கோல் போட்டவர் அவர். இறுதி ஆட்டத்தில் மட்டும் வாய்க்கவில்லை. பிறகு அவர் தலையால் முட்டியதைப் பாரிஸ் கோலி கெய்லர் நவாஸ் பிடித்தார். நடுவில் ஜெரோம் போட்டெங் காயத்தால் வெளியேற, நிக்லாஸ் ஸூலே வந்தார். பின்வரிசையின் மூத்த குரல் போய்விட்டதே, இனி இறங்கி ஆடுவார்கள் என்று நினைத்தேன். இல்லை. முதல் பாதி முடியும் தறுவாயில் அலாபா ஒரு பந்தைத் தவறவிட்டார். அது எம்பாப்பேயிடம் வந்து சேர்ந்து, கோலுக்கு நேர் எதிரே அவர் காலில் நின்றது. அவர் அடித்தது நேராக நோயர் கைக்கு. வரிசையை உயர்த்தி ஆடுவதன் விலை என்ன என்பதும், அந்த விலையை யார் கட்டுகிறார் என்பதும் இந்த ஒரு நொடியில் தெரிந்தது.

59-வது நிமிடத்துக் கோலுக்கு வருவோம். கிங்ஸ்லி கோமான் அன்று ஆடுவார் என்று பலர் எதிர்பார்க்கவில்லை. பார்சிலோனாவையும் லியோனையும் வென்ற அணியில் அவர் இடத்தில் பெரிசிச் இருந்தார். ஃப்ளிக் செய்த ஒரே மாற்றம் இது. கோமான் பாரிஸில் பிறந்து, அதே பாரிஸ் கிளப்பின் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்து, 16 வயதில் அதன் சட்டையை அணிந்து ஆடியவர். 2014-இல் அங்கிருந்து கிளம்பிவிட்டார். பத்திரிகைகள் இந்தச் சொந்த ஊர்க் கதையைத்தான் பிடித்துக்கொண்டன. எனக்கு அதைவிட, பந்து அவரிடம் வந்த வழி பிடித்திருந்தது.

வலப்பக்கம் யோஷுவா கிம்மிஷ் பந்தை உள்ளே தருகிறார். க்னாப்ரி வழியாக முல்லரிடம். முல்லர் அதை அடக்கவில்லை, தானும் திரும்பவில்லை. வந்த வேகத்தை மட்டும் தணித்து கிம்மிஷுக்கே திருப்பி வைக்கிறார். அந்த மெத்தென்ற தொடுதலில் கிம்மிஷுக்கு ஒரு வினாடி கிடைக்கிறது. கிம்மிஷ் அடிப்படையில் நடுக்கள வீரர்; அணிக்குத் தேவைப்பட்டதால் வலதுபின்னில் நிற்கிறார். அதனால் அவர் கிராஸ் கண்ணை மூடிக்கொண்டு கூட்டத்துக்குள் எறிவதல்ல. அது ஒரு பாஸ். நடுவில் தியாகோ சில்வாவும் கிம்பெம்பேயும் நின்ற இடத்தைத் தாண்டி, தூரத்துப் போஸ்ட்டை நோக்கி உயர்த்தி வைத்தார். அங்கே பாரிஸின் வலதுபின் கேரர் பந்தையே பார்த்துக்கொண்டு உள்ளே ஒதுங்கியிருந்தார். அவர் முதுகுப் பக்கம் கோமான். பந்தையும் ஆளையும் ஒரே சமயத்தில் பார்க்க முடியாத இடம் ஒன்று பின்கள வீரனுக்கு எப்போதும் உண்டு. கோமான் நின்றது அங்கேதான். வந்த பந்தைப் பலமாக முட்டாமல், வந்த பக்கத்துக்கே கீழ்நோக்கித் திருப்பினார். நவாஸைக் கடந்து மூலைக்குள் போனது. ஆறாவது முறையாகக் கோப்பை பயர்னுக்குப் போவதற்கு அது போதுமானதாக இருந்தது.

பிறகு நடந்ததில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். 70-வது நிமிடத்தில் பாரிஸின் மார்கினியோஸ் மிக அருகிலிருந்து அடித்ததை நோயர் காலால் தடுத்தார். மீண்டும் அதே அகன்ற நிலை. மற்றபடி மாற்றங்கள், நேரம் கடத்தல், சில தள்ளுமுள்ளு. கூடுதல் நேரத்தில் நெய்மார் கோலுக்குக் குறுக்கே அனுப்பிய பந்துக்கு சூபோ-மோட்டிங் கால் நீட்டினார்; எட்டவில்லை. அட்டலாண்டாவுக்கு எதிரான காலிறுதியில், இதே அரங்கில், கடைசி நிமிடத்தில் கோல் போட்டு பாரிஸைக் காப்பாற்றியவர் அவர். அக்டோபரில் அவரே பயர்னில் சேர்ந்தார். பயர்ன் பக்கமும் இப்படி ஒரு வேடிக்கை உண்டு. 8-2 ஆட்டத்தில் பார்சிலோனாவுக்கு எதிராக இரண்டு கோல் அடித்த கூட்டின்யோ, பார்சிலோனாவே இரவல் கொடுத்த ஆள்.

வெறும் அரங்கால் இழப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. கோமானின் கோலுக்குப் பிறகு பாரிஸ் அணி சுமார் பத்து நிமிடம் உயிரற்று ஆடியது. அந்த நேரத்தில் எழுந்து நின்று ஒரு பாட்டைப் பிடிக்க ஆயிரம் பேர் இருந்திருந்தால் என்று இன்றும் நினைக்கிறேன். கோப்பையைத் தூக்கியபோது வெடித்த காகிதத் துணுக்குகள் வெற்று நாற்காலிகளுக்கு முன்னால் பறந்ததில் அழகு ஒன்றும் இல்லை. அழுதுகொண்டிருந்த நெய்மாரை அலாபா தேற்றியது மட்டும் மனசில் நின்றது. 

பாரிஸின் பயிற்சியாளர் தாமஸ் டூகலை அந்த டிசம்பரிலேயே கிளப் வெளியேற்றியது. ஜனவரியில் செல்ஸிக்குப் போனார். அங்கே, ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்த தியாகோ சில்வா அவருக்காகக் காத்திருந்தார். 2021 மே 29-இல் செல்ஸி சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் ஆடியது. அந்த இறுதி ஆட்டமும் இஸ்தான்புல்லில் நடக்க வேண்டியது, அதையும் தொற்று போர்ச்சுகலுக்கு, போர்ட்டோ நகருக்குத் தள்ளியது. முந்தைய ஆண்டு எதிரணிக்கு அமைந்த அதே 1-0 இம்முறை டூகலுக்கு அமைந்தது. தோற்றது மான்செஸ்டர் சிட்டி. அரங்கில் சுமார் 14,000 பேரை அனுமதித்திருந்தார்கள். ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது. என்ன, ஆட்டக்காரர்கள் பேசிக்கொண்டது ஒன்றும் கேட்கவில்லை.