ஔஷத ரசாயனமும் மேற்கோள் கணக்கும்

ஒரு விஞ்ஞானியின் கட்டுரைகளைப் பிற விஞ்ஞானிகள் எத்தனை முறை மேற்கோளாகச் சுட்டியிருக்கிறார்கள் என்று எண்ணி, அவ்வெண்ணிக்கையைக் கொண்டே பதவியையும் மானியத்தையும் பரிசையும் தீர்மானிக்கும் வழக்கம் இன்று உலகெங்கும் வேரூன்றிவிட்டது. 1955ஆம் ஆண்டில் யூஜீன் கார்ஃபீல்டு என்ற அமெரிக்க அறிஞர் மேற்கோள் அட்டவணை என்னும் யோசனையை முதன்முதலில் விரிவாக எழுதியபோது, ஒரு கருத்து எங்கே பிறந்து எவ்வழியே பரவிற்று என்று தேடுகின்ற வாசகனுக்குத் துணை செய்வதே அதன் முதன்மையான நோக்கமாயிருந்தது. மனிதர்களைத் தரம் பிரிக்கும் தராசாக அது மாறியது பிற்கால விளைவு. 2005இல் ஹிர்ஷ் என்ற பௌதிக அறிஞர், ஒருவருடைய பிரசுரங்கள் முழுவதையும் ஒரே எண்ணில் அடக்கிவிடும் முறையையும் வகுத்தார். குறைந்தது 20 மேற்கோள்கள் வீதம் பெற்ற கட்டுரைகள் 20 இருந்து, 21 வீதம் பெற்றவை 21 இல்லையென்றால், அவர் எண் 20.

இக்கணக்கு நோயாளிக்காக மருந்து தேடும் ஔஷத ரசாயனத் துறைக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை ஆராய, எல்லாப்ரகட சுப்பாராவின் பிரசுர வரலாற்றைவிடத் தகுந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1895இல் பீமவரத்தில் பிறந்து, சென்னையில் வைத்தியம் பயின்று, ஹார்வர்டு சென்ற அவர், 1925இல் சைரஸ் ஃபிஸ்குடன் சேர்ந்து, ரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள பாஸ்பரஸை மாலிப்டேட்டின் உதவியால் நீல நிறமாக்கி, அந்நிறத்தின் செறிவைக் கொண்டு அளக்கும் முறையை வெளியிட்டார். உயிர் ரசாயனத்தில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளுள் அது ஒன்று. இதில் அநியாயம் எதுவுமில்லை. எண்ணற்ற ஆய்வுக்கூடங்களில் அம்முறை நாள்தோறும் கையாளப்பட்டது, கையாண்டவர்கள் நன்றியோடு குறிப்பிட்டார்கள். அளவீட்டு முறைக் கட்டுரைகள் இப்படி முன்னணியில் நிற்பதைச் சிலர் குறைத்துப் பேசுவதுண்டு. லௌரியும் அவர் சகாக்களும் புரதத்தை அளக்க 1951இல் எழுதிய கட்டுரை மூன்று லட்சம் மேற்கோள்களைத் தாண்டியதையும் அவ்வாறே கருதுகிறார்கள். அந்த அபிப்பிராயத்தை நான் ஏற்கவில்லை. தசையிலுள்ள பாஸ்போகிரியாட்டினும், உயிரணுவின் சக்திச் சேமிப்பாகிய ஏடிபியும் 1927இலும் 1929இலும் சுப்பாராவ் கண்ணில் பட்டதற்கு இந்த அளவீட்டு முறையே வழிகோலியது. ஆகவே, ஆய்வுக்கூடத்திற்குள் ஒரு கருத்து எவ்வளவு பயன்பட்டது என்பதற்கு மேற்கோள் எண்ணிக்கை மெய்யான சாட்சி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் 1940இல் அவர் லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திற்குச் சென்று அங்கே ஆராய்ச்சியை வழிநடத்திய எட்டாண்டுகளைப் பாருங்கள். ஃபோலிக் அமிலத்தின் கட்டமைப்பும் தயாரிப்பும் வெளிவந்தபோது பதினாறு பெயர்களுக்கு நடுவே அவர் பெயரும் ஒன்று. அவர் மேற்பார்வையில் உருவான ஆரியோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை 1948இல் உலகுக்கு அறிவித்த கட்டுரை பெஞ்சமின் டக்கருடையது. அதே ஆண்டில் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றால் மடிந்துகொண்டிருந்த குழந்தைகள் பதினாறு பேருக்கு லெடர்லியில் தயாரான அமினோப்டெரினைக் கொடுத்து, பத்துப் பேருக்குத் தற்காலிகமாகவேனும் நோய் தணிந்தது என்று எழுதினார். புற்றுநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றிய அக்கட்டுரையின் ஆசிரியர் ஐவரில் சுப்பாராவ் இல்லை. கட்டுரை வெளிவந்த சில வாரங்களில் தமது 53ஆம் வயதில் அவர் காலமானார். அமினோப்டெரினின் நெருங்கிய உறவான மெதோட்ரெக்சேட் இன்றும் ரத்தப் புற்றுக்கும் முடக்குவாதத்திற்கும் தரப்படுகிறது. யானைக்கால் நோயை ஒழிக்கத் தமிழ்நாட்டு ஊர்களில் வீடுவீடாக வழங்கப்பட்ட டைஎதில் கார்பமசின் மாத்திரையும் அவர் குழுவின் கொடையே. மாத்திரையை எழுதித் தரும் வைத்தியரும், அதை விழுங்கிக் குணமடையும் நோயாளியும் எந்த அட்டவணையிலும் மேற்கோளைப் பதிவதில்லை.

மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சி காப்புரிமை விண்ணப்பம் முடியும்வரை மறைந்திருக்கிறது. தோற்றுப்போன நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கதை பெரும்பாலும் அச்சேறுவதே இல்லை. அச்சேறியவற்றிலும் மேற்கோள் சில வேளை சடங்காகிவிடுகிறது. ஃபைசர் நிறுவனத்தின் கிறிஸ்டோபர் லிபின்ஸ்கி 1997இல் சகாக்களுடன் எழுதிய கட்டுரை, வாய்வழியே உட்கொள்ளும் மருந்தின் மூலக்கூறு எடை 500ஐத் தாண்டினால் உடலில் ஏறுவது சிரமம் என்பது முதலான எளிய எச்சரிக்கைகளை வழங்கியது. விதிவிலக்கான மருந்து வகைகளையும் அவர்களே குறிப்பிட்டார்கள். எடை 1200ஐ ஒட்டிய சைக்ளோஸ்போரின் வாய்வழியே பயன்படுவதும் யாவரும் அறிந்ததே. இருந்தும், கணினியில் வரைந்ததற்கு அப்பால் ஒரு சோதனைக் குழாயையும் தொடாத சேர்மம் அவ்விதிக்கு உட்பட்டது என்று அறிவிப்பதற்காக மட்டுமே அதைச் சுட்டுகிற கட்டுரைகளும் எழுதப்படுகின்றன. அக்கட்டுரையின் மகிமை இதனால் குறையாது. ஆனால் அத்தகைய மேற்கோளையும், அதைப் படித்துத் தம் ஆராய்ச்சியின் திசையையே மாற்றிக்கொண்டவரின் மேற்கோளையும் எண் ஒன்றாகவே கூட்டுகிறது.

2012இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய அறிஞர்கள், கட்டுரை வெளியான பத்திரிகையின் சராசரி மேற்கோள் எண்ணை ஆராய்ச்சியாளரின் தகுதியாகக் கொள்ளாமல் கட்டுரையின் உள்ளடக்கத்தையே எடைபோட வேண்டும் என்று பிரகடனம் செய்தார்கள். ஔஷத ரசாயனத்தில் இதற்கும் ஒருபடி மேலே போக வேண்டும் என்பது என் கருத்து. நியமனக் குழுவினர் விண்ணப்பதாரியின் மூன்று கட்டுரைகளையாவது சிரத்தையோடு வாசித்து, அவர் கைப்பட்ட சேர்மம் எந்தப் பரிசோதனை வரை சென்றது, எங்கே எதனால் நின்றது, காப்புரிமைகளிலும் குழுப்பணியிலும் அவர் பங்கு யாது என்று நேரில் கேட்க வேண்டும். மேற்கோள் எண்ணை இந்த விசாரணை முடிந்த பிறகே பார்க்க வேண்டும்.