உயரம் மட்டும் கோல் போடாது

தர்ஜினி சிவலிங்கத்தின் பெயரை எடுத்தாலே பேச்சு அவருடைய உயரத்தில் போய் நின்றுவிடுகிறது. வட இலங்கையின் வலிகாமப் பகுதியிலுள்ள ஈவினையில் பிறந்து, இலங்கை வலைப்பந்தாட்ட அணியின் கோல் ஷூட்டராக உலகம் சுற்றிய அவர் 2.08 மீற்றர் உயரமானவர். 'அந்த உயரம் இருந்தால் யாரும் போடலாம்' என்று அதே பகுதியிலுள்ள பண்டத்தரிப்பிலும் சொல்வார்கள், கொழும்பிலும் சொல்வார்கள். பாராட்டைப் போலத் தோன்றும் இந்தப் பேச்சு, அவர் பாடுபட்டுத் தேர்ந்த கலையைப் பிறவிக் கொடையாகச் சுருக்கிவிடுகிறது. அவருடைய ஆட்டத்தில் ரசிக்க வேண்டியது கைப்பக்குவமும் பொறுமையும்தான்.

விளையாட்டின் விதிகளைப் பார்த்தாலே இது புரியும். கம்பத்தில் வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தர்ஜினியின் தலைக்கு மேலேயும் கிட்டத்தட்ட ஒரு மீற்றர் மிச்சம். கூடைப்பந்தாட்டத்தில் உள்ளதுபோல் பந்தை அடித்துத் திருப்பப் பின்பலகை கிடையாது. வளையத்தின் விட்டம் 38 சென்ரிமீற்றர், பந்தின் விட்டம் ஏறத்தாழ 22 சென்ரிமீற்றர். ஆகவே பந்து எழும்பி, வளைந்து, மேலிருந்து இறங்க வேண்டும். பந்து கைக்கு வந்தபின் இருப்பதோ மூன்றே வினாடி. தர்ஜினி கம்பத்தின் அருகே இடம் பிடித்து நிற்பார். முதுகிலும் தோளிலும் தடுப்பாளர்கள் நெருக்குவார்கள். அவர் நிலை குலையாமல் கையை உயர்த்திப் பந்து வரவேண்டிய இடத்தைக் காட்டுவார். வந்த பந்தை நெஞ்சுக்கு இறக்காமல் தலைக்கு மேலேயே வைத்துக்கொண்டு திரும்புவார். முழங்கால் சற்றே மடியும், மணிக்கட்டு அசையும், விரல்நுனியிலிருந்து பந்து கழன்றுவிடும். பந்தைக் கீழே இறக்கினால் அந்த உயரத்தால் ஒரு பயனும் இல்லை. தட்டிப் பறிக்கப் பல கைகள் காத்திருக்கும். உயரத்தை ஒரு கணமும் வீணாக்காத இந்தச் சிக்கனத்தில்தான் அழகு இருக்கிறது.

2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் அவர் 348 கோல்கள் போட்டு, அந்தத் தொடரில் அதிக கோல் போட்டவரானார். இலங்கை அணியோ 16 அணிகளில் 15ஆவதாக வந்தது. 'தோற்ற அணிக்குப் போட்ட கோலுக்கு என்ன மதிப்பு?' என்று கேட்கலாம். பலமான அணியின் ஷூட்டருக்குப் பந்து தேடி வரும். பலவீனமான அணியில் ஒவ்வொரு பந்தும் போராடித்தான் வந்து சேரும். வருவதைத் தவறவிட்டால் மறுவாய்ப்புக் கிடைக்கும் என்ற உறுதியில்லை. அந்த நெருக்கடியில் கை நடுங்காமல் போட்ட எண்ணிக்கை அது.

இன்னொரு ஆட்சேபம் நியாயமானது: ஒருவரையே நம்பி ஆடும் அணி வளராது என்பது. அந்த ஆபத்து உண்மைதான். ஆனால் உயரப் பந்தை அளந்து எறிவதும் பயிற்சியால் வரும் கலைதான். நடுக்கள வீராங்கனைகள் அதைக் கற்றார்கள். 2018 ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில், சிங்கப்பூர் மண்ணிலேயே சிங்கப்பூரை 69-50 என்று வென்றார்கள். எறிபவரும் பிடிப்பவரும் ஒருவரையொருவர் அறிந்திராவிட்டால் அந்த வெற்றி வந்திராது.

இவ்வளவையும் தர்ஜினி எந்த வசதியோடு செய்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கனடாவில் வளரும் நம் பிள்ளைகள் பார்க்கும் ஐஸ் ஹொக்கி வீரருக்கு விளையாட்டே தொழில். ஒப்பந்தம், சம்பளம், பயிற்சியாளர், மருத்துவர் எல்லாம் அதற்குள் அடக்கம். இலங்கையில் வலைப்பந்தாட்டம் அப்படிச் சோறு போடுவதில்லை. நிறுவனங்கள் வீராங்கனைகளை வேலைக்கு எடுத்து, தங்கள் அணிக்கு ஆடவைக்கின்றன. தர்ஜினியும் செலான் வங்கியில் வேலை பார்த்தபடியே ஆடியவர். 2009இல் ஆசியக் கிண்ணம் வென்றதிலிருந்து 2023 கேப் டவுன் உலகக் கிண்ணம் வரை அந்தத் தரத்தைக் காத்தது பெரும் சாதனை.

எனவே பண்டத்தரிப்பிலும் சுற்றுவட்டாரத்திலும் பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உயரமான பிள்ளை கண்ணில் பட்டால் கம்பத்தடியில் நிறுத்திவிட்டுப் போய்விடாதீர்கள். தர்ஜினியின் ஆட்டப் பதிவுகளைப் போட்டுக் காட்டுங்கள். பந்து விரலை விட்டுக் கழலும் இடத்தில் நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கள். குள்ளமான பிள்ளையும் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். அந்த மணிக்கட்டை யாரும் பழகலாம்.